சோளகத்துக்கு வரும் விருந்தாளிகளும் களப்புக்கரைப் பெண்களும்

பட்டம் என்றதும் எம்மில் அநேகருக்கு நினைவுக்கு வருவது தை மாதமும் வாடைக்காற்றும்தான். பொங்கல் நாளில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கும் பட்டப்போட்டியும், விண் பூட்டிய பட்டம் இரவிரவாகக் கூவும் சத்தமும் வடபகுதியில் வளர்ந்தவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் பட்டத்தின் கயிற்றை இடுப்புப் பட்டியில் கொளுவிக்கொண்டு, கால்களை ஒரு பலகையில் மாட்டி, காற்று இழுக்கும் இழுவையில் தண்ணீரின் மேல் விரைந்தோடும் விளையாட்டு ஒன்றும் உண்டு. அதற்குக் ‘கைட்சேர்பிங்’ என்று பெயர். இலங்கையில் இவ்விளையாட்டின் பிரதான இடம் புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டிக் குடாநாடாகும்.

போரினாலும் இடப்பெயர்வினாலும் பாதிக்கப்பட்ட பெண்கள் வாசிக்கும் சஞ்சிகையில் வெளிநாட்டவரின் விடுமுறை விளையாட்டுக்கு என்ன வேலை என்று வாசகிகள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் இந்த விளையாட்டு எமது கரைகளுக்கும் வந்துவிட்டது. மன்னார் தீவில், தலைமன்னார் ஊருமலைப் பக்கத்தில், சில வருடங்களாகச் சோளக காலத்தில் வண்ணப் பட்டங்கள் தெரிகின்றன. அவை வந்தால் அவற்றின் பின்னால் விடுதி வரும், வேலி வரும், காணி கேட்டு ஆள் வரும். குடும்பத்தைத் தலைமை தாங்கும் பெண் ஒருத்தியின் வாசலில் அப்படி ஓர் ஆள் வந்து நின்றதே இக்கட்டுரைக்குக் காரணம்.

அவர் தலைமன்னாரைச் சேர்ந்தவர். எங்கள் நிறுவனம் பணியாற்றும் பெண்கள் குழுவொன்றின் அங்கத்தவர். கடலுக்குப் போன கணவர் 2007 ஆம் ஆண்டு திரும்பி வரவில்லை. தாய்வழிச் சீதனமாகக் கிடைத்த அரை ஏக்கர்க் காணி கடற்கரையோடு இருக்கின்றது. பத்துப் பன்னிரண்டு பனை, ஒரு கிணறு, கருவாடு காயப்போடும் பந்தல், ஒரு வாடி. அந்தக் காணியை 30 வருடக் குத்தகைக்குத் தரும்படி தரகர் ஒருவர் மூன்று தடவை வந்து கேட்டிருக்கின்றார். தருவதாகச் சொன்ன தொகை அச்சகோதரி வாழ்நாளில் ஒன்றாகக் கண்டிராத தொகை. “மிஸ், குடுக்கிறதா விடுறதா எண்டு சொல்லுங்கோ” என்று என்னிடம் கேட்டார். அதைச் சொல்வது எனது வேலையல்ல. ஆனால் இதே விடயம் ஏற்கெனவே நடந்த ஓர் இடத்தைப் பார்த்து வரலாம் என்று குழுவில் முடிவாகியது. அவ்வாறாகக் கடந்த செப்டெம்பர் மாத இறுதியில், மன்னாரிலிருந்து ஏழு பெண்களும் நானும் மதவாச்சி, அநுராதபுரம் வழியாகக் கற்பிட்டிக்குப் புறப்பட்டோம்.

கடல் மூடும் காலம்

பாலாவிச் சந்தியில் திரும்பினால் கற்பிட்டி வரை ஒரே நேர் வீதிதான். நுரைச்சோலையில் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி, மாம்புரிப் பக்கத்தில் 2010 முதல் சுழலும் காற்றாலைகள், இடையிடையே சின்ன வெங்காயமும் மிளகாயும் போட்ட மணல் தோட்டங்கள். ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு. குடாநாட்டின் நுனியை அண்டிய கண்டக்குழிப் பக்கத்தில், கடலிலிருந்து ஒரு மெல்லிய மணல் திட்டியால் பிரிக்கப்பட்ட சிறு களப்பு ஒன்று இருக்கின்றது. பட்டக்காரர் தேடி வருவது இதைத்தான். சோளகம் கடலிலிருந்து வீசும்போது அலைகளைத் திட்டி தடுத்துவிடும், காற்றை அது தடுக்காது. ஆகவே காற்றுப் பலமாகவும் தண்ணீர் மட்டமாகவும் இருக்கும். பழகுபவர் விழுந்தாலும் கரையோரத்தில் இடுப்பளவுத் தண்ணீர்தான்.

கற்பிட்டியில் காற்றுக்காலம் இரண்டு. மே நடுப்பகுதியிலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதி வரை சோளகம். டிசெம்பர் நடுப்பகுதியிலிருந்து மார்ச் வரை வாடை. இவற்றுள் சோளகமே பலமானது. நாங்கள் போன செப்டெம்பர் கடைசி, ஐரோப்பாவில் இலையுதிர் காலம் தொடங்கும் நேரம். அங்கே குளிர் ஏறத் தொடங்க, கோடையின் கடைசிக் காற்றைத் தேடிப் பலர் விடுமுறை எடுத்துக்கொண்டு வருகின்றார்கள். எங்களுக்கு இலையுதிர் காலம் என்று ஒன்று கிடையாது. அதே நாட்கள் எங்களுக்குச் சோளகத்தின் வால்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. சோளகம் என்றால் மேற்குக் கரையில் கடல் மூடும் காலம். அலை பெருகிப் படகுகள் கரையில் ஏறிவிடும். களப்பில் நண்டும் இறாலும் பிடிப்பவர்களைத் தவிர மற்றைய வீடுகளில் அடுப்பெரிவது கடினம். அடகுக் கடைக்கு நகை போகும் காலமும் அதுவே. ஆக, மீனவக் குடும்பத்தை வீட்டில் இருத்தும் அதே காற்றுத்தான் விருந்தாளியை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவருகின்றது. முறையாக அமைந்தால், வருமானம் இல்லாத மாதங்களில் வீட்டுக்கு ஒரு வருமானம். இந்தப் பொருத்தம் தெற்கின் அலைச்சறுக்கல் கரைகளில்கூட இவ்வளவு சரியாக அமைவதில்லை என்பது என் எண்ணம்.

விளையாட்டைப் பற்றியும் சற்றுச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பெண்கள் முதல் ஒரு மணித்தியாலம் வாய் மூடாமல் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பட்டம் நாங்கள் ஒட்டும் ஈர்க்கும் தாளும் அல்ல. நைலோன் போன்ற மெல்லிய உறுதியான துணியில் தைத்து, முன் விளிம்பில் உள்ள குழாய்க்குப் பம்பினால் காற்றடிப்பார்கள். காற்றடித்த குழாய் இருப்பதால் தண்ணீரில் விழுந்தாலும் பட்டம் மிதக்கும், திரும்பவும் எழும்பும். பிரான்ஸ் நாட்டின் லெகெனூ சகோதரர்கள் இருவர் 1984 இல் இந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார்கள். 1990களின் பிற்பகுதியில் அது கடைகளுக்கு வந்த பின்னரே விளையாட்டு உலகெங்கும் பரவியது. நாலு கயிறுகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20 மீற்றருக்கு மேல் நீளம். கையில் ஒரு தடி. தடியை இழுத்தால் இழுவை கூடும், விட்டால் குறையும். ஆபத்து வந்தால் ஒரே தட்டில் பட்டத்தைக் கழற்றிவிடும் கொளுக்கியும் உண்டு. காற்று 12 நொட்டுக்கு மேல், அதாவது மணிக்கு 22 கிலோமீற்றருக்கு மேல் இருந்தால்தான் பழகலாம். கற்பிட்டியில் சோளகம் இதைச் சர்வசாதாரணமாகத் தாண்டிவிடும். ஒருவர் தானாக ஓடப் பழகப் பத்து மணித்தியாலப் பாடம் அளவில் தேவைப்படும் என்கிறார்கள். ஒரு மணித்தியாலப் பாடத்துக்கு வாங்கும் பணம் வெங்காயத் தோட்டத்தில் பல நாட்கூலிக்குச் சமம்.

அங்கே ஓடியவர்களில் பெண்கள் கணிசமாக இருந்தார்கள். நரைத்த தலையோடு ஒரு பெண் பத்தடி உயரத்துக்கு எழும்பி இறங்கியபோது எங்கள் பேசாலை அக்கா ஒருவர் கை தட்டியே விட்டார். 2024 இல் பிரான்ஸில் நடந்த ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பட்டப் படகோட்டப் போட்டி சேர்க்கப்பட்டது. மார்செய் கடலில் நடந்த அப்போட்டியில் பெண்கள் பிரிவில் தங்கம் வென்றவர் பிரித்தானியாவின் எல்லி ஆல்ட்ரிட்ஜ். இதைச் சொன்னபோது “எங்கட பிள்ளையளும் பழகினா என்ன, கடலுக்குப் பயமில்லாத பிள்ளையள்தானே” என்றார் அதே அக்கா. வேறொருவர் “முதல்ல நீந்தப் பழக்குங்கோ” என்றார். உண்மைதான். கடற்கரையில் பிறந்தும் எமது பெண்பிள்ளைகளில் பலருக்கு நீந்தத் தெரியாது.

இன்னொரு தகவல் எங்கள் எல்லோரையும் நிறுத்திவிட்டது. உலகச் சந்தையில் பெயர்பெற்ற பட்டங்கள் பல இலங்கைத் தொழிற்சாலைகளிலேயே தைக்கப்படுகின்றன. எமது பெண்கள் பலர் தையல் இயந்திரத்தில் இருந்து பிழைத்தவர்கள். அந்தத் துணிகள் கப்பலேறிப் போய், ஐரோப்பியரின் பயணப் பையில் திரும்பி இலங்கைக்கே வருகின்றன. கற்பிட்டிக் கரையில் கிழிந்த பட்டத்துக்கு ஒட்டுப் போட்டுத் தைக்கும் வேலை உண்டு. நாங்கள் போன அன்று அதைச் செய்துகொண்டிருந்தது ஓர் இளைஞன். இயந்திரம் அவருடைய தாயுடையதாம்.

கிடுகு வீடு

கண்டக்குழியில் எங்களுக்கு மதியச் சாப்பாடு தந்தவர் அறுபது வயதைத் தாண்டிய ஒரு முஸ்லிம் தாய். எருக்கலம்பிட்டியில் பிறந்தவர். 1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவிலிருந்து வள்ளத்தில் ஏற்றப்பட்டுக் கற்பிட்டிக் கரையில் இறக்கப்பட்டவர்களில் ஒருவர். அன்று வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்திலேயே முகாம்களில் தங்கினார்கள். எங்கள் குழுவில் இருந்த எல்லோரும் மன்னார்த் தமிழ்ப் பெண்கள். வாசலில் ஏறும்போது ஒரு சங்கடம் இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. “எந்த ஊர் புள்ள?” என்று அவர் கேட்டார். பேசாலை என்றதும், பேசாலைக் கோயில் பெருநாளுக்குச் சின்ன வயதில் வாப்பாவோடு போன கதையைச் சொல்லத் தொடங்கினார். அதன் பிறகு அன்று மத்தியானம் முழுவதும் அவர்தான் பேசினார்.

அவர் வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலியாக இருபது வருடம் குனிந்து நின்றவர். இப்போது ஆறு மாதம் விடுதியொன்றுக்கு இடியப்பமும் சம்பலும் மீன் குழம்பும் அனுப்புகின்றார். மகள் வீட்டுப் பின்பக்கத்தில் ஓர் அறை கட்டி விருந்தாளிகளை வைத்திருக்கின்றார். விடுதிகளின் கூரைகளைப் பற்றிக் கேட்டபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“நாங்க வந்து எறங்கி பதினேழு வருஷம் கிடுகுக்குள்ள கெடந்தோம் புள்ள. மழை வந்தா ஒழுகும், காத்து வந்தா பறக்கும். ஓட்டு வீட்டுக்கு அல்லாகிட்ட அழுதோம். இப்ப இவங்க ஓட்டு வீடு வேணாம், கிடுகு வீடு தாங்க எண்டு காசு குடுத்துப் படுக்கிறாங்க.”

உலக வங்கி உதவியுடன் 2007 இல் தொடங்கிய புத்தளம் வீடமைப்புத் திட்டத்தின் பின்னரே அவருக்குக் கல்வீடு கிடைத்தது. பழைய குடிலுக்குக் கிடுகு பின்னிய அதே கை இப்போது விடுதிக் குடில்களுக்குக் கிடுகு பின்னுகின்றது. சோளகம் தொடங்குவதற்கு முன்னுள்ள இரண்டு மாதங்களும் கிடுகுக்கு நல்ல கிராக்கி இருக்குமாம். அந்தப் பணம் நேராகப் பெண்களின் கைக்கு வருகின்றது. இதைப் போலவே சலவை, சமையல், அறை துப்பரவு. பாடம் சொல்லிக் கொடுப்பது, படகோட்டுவது, வான் ஓடுவது எல்லாம் ஆண்களிடம். டொலர் புழங்குவது அங்கேதான். காற்றுக் குறைந்த நாளில் முதலில் நிறுத்தப்படுவது சலவைக்காரப் பெண்ணின் வேலை.

இது மட்டுமல்ல. அறை கட்டிய மகளின் கதையையும் கேட்டோம். அவர் நுண்கடன் எடுத்து அறை கட்டியது 2018 இல். அடுத்த வருடம் ஏப்ரல் 21 இல் குண்டுவெடிப்பு, அந்தச் சோளகத்துக்கு எவரும் வரவில்லை. 2020 மார்ச்சில் கொரோனா வந்து விமான நிலையமே மூடப்பட்டது. 2022 இல் எரிபொருளும் இல்லை, எரிவாயுவும் இல்லை. நாலு வருடத்தில் மூன்று சோளகம் வெறுமனே போனது. கடன்காரன் மட்டும் கிழமை தவறாமல் வந்திருக்கின்றான். கழுத்துச் சங்கிலி அந்தக் காலத்தில் போனதுதான், இன்னும் திரும்பவில்லை. “அறைய இன்னொரு தரம் கட்டுறதெண்டால் கடனெடுக்க மாட்டன். உள்ள அறையக் குடுத்துப்போட்டு நாங்க விறாந்தையில படுப்பம்” என்று அவர் சொன்னார். சுயதொழில் பயிற்சி நடத்தும் எங்களைப் போன்றவர்கள் வெள்ளைப் பலகையில் எழுதும் எந்தத் திட்டத்தையும் விட இந்த ஒரு வசனம் பெறுமதியானது என்று நினைக்கின்றேன்.

வீட்டில் விருந்தாளி வைப்பதாயின் இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் ‘ஹோம் ஸ்டே’ என்ற வகுப்பின் கீழ் பதிவு செய்யலாம். வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். பதிவில்லாமலும் பலர் நடத்துகின்றார்கள். ஆனால் ஒரு பிரச்சினை வந்தால், விருந்தாளிக்கு விபத்து நேர்ந்தால், அல்லது விருந்தாளியே பிரச்சினையானால், பதிவில்லாத பெண்ணின் பக்கம் நிற்க எவரும் இல்லை.

பெரியவர்கள் சொல்லத் தயங்கிய விடயம் ஒன்றையும் எழுத வேண்டும். உடை பற்றிய முணுமுணுப்பு ஊரில் உண்டு. பள்ளிவாசலுக்குப் பக்கத்தால் நீச்சல் உடையோடு போகக் கூடாதென்று சில விடுதிகள் அறிவித்தல் ஒட்டியிருக்கின்றன, அது நல்லதே. ஆனால் என் கவலை உடை அல்ல. பதினான்கு பதினைந்து வயதுப் பையன்கள் பட்டத்துக்குக் காற்றடித்துக் கொடுக்கவும் பலகை தூக்கவும் கரையிலேயே நிற்கின்றார்கள். பள்ளிக்கூடம் போவதில்லை. கையில் காசும் கைபேசியும் பரிசாகக் கிடைக்கின்றன. எங்கள் தெற்கு, மேற்குக் கரைகளில் சுற்றுலா வந்தபோது பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்பதை நாடே அறியும். சந்தேகம் வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எவரும் அழைக்கலாம். பெயர் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

கரைக்குப் போகும் பாதை

அடுத்த நாள் காலை களப்புக் கரையால் நடந்தோம். எங்கள் தலைமன்னார்ச் சகோதரி அன்று பட்டத்தைப் பார்க்கவில்லை. வேலிகளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். முட்கம்பி வேலி, கிடுகு வேலி, மதில். இரண்டு விடுதிகளுக்கு நடுவே ஓரிடத்தில் ஓர் ஆள் மட்டும் போகக்கூடிய ஓர் ஒழுங்கை. கரைவலைக்காரரின் பாதையாம். முன்னர் அதால் வலையோடு உழவு இயந்திரம் போகுமாம். இப்போது வலையைத் தோளில் சுமக்கின்றார்கள். ஒழுங்கையின் வாசலில் கருவாட்டுக் கூடையோடு நின்ற பெண்ணிடம் கேட்டபோது, “காணிய வித்தவங்க பாதையையும் சேத்து வித்துட்டாங்க அக்கா. ஒருத்தரும் கேக்கல்ல” என்றார்.

கற்பிட்டிக்கு இது புதிய கதையல்ல. 2000களில் அரசாங்கம் குடாநாட்டையும் அதைச் சூழ்ந்த 14 தீவுகளையும் ஒருங்கிணைந்த சுற்றுலா வலயமாக்கும் திட்டம் போட்டது. தீவுகளில் வாடி போட்டு மீன்பிடித்த குடும்பங்கள் எழும்ப வேண்டிவரும் என்று மீனவர் அமைப்புகள் 2010ஐ அண்டிய வருடங்களில் எதிர்ப்புத் தெரிவித்தன. திட்டத்தில் வரைந்த பெரிய ஹோட்டல்கள் பெரும்பாலும் எழவில்லை. அதற்குள் காணிகளின் விலை ஏறிவிட்டது, கைகள் மாறிவிட்டன. பட்டக்காரரின் சிறு விடுதிகள் அந்த இடைவெளியில்தான் வந்தன. பெரிய ஹோட்டலோடு ஒப்பிட்டால் இவை ஊருக்கு நெருக்கமானவை, உள்ளூர்ப் பையன்களே நடத்துபவையும் சில உண்டு. இதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

தண்ணீர் இன்னொரு விடயம். கற்பிட்டி முழுவதும் மணல். அந்த மணலுக்குள் மழைநீர் ஓர் அடுக்காக நிற்கின்றது, கீழே உப்புத் தண்ணீர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே வரும். தோட்டங்களுக்கு இறைக்கின்றார்கள், அதற்கு மேல் விடுதிகளில் உப்புப் போகக் குளிப்பதற்கும் பட்டங்கள், உடைகள் அலசுவதற்கும் இறைக்கின்றார்கள். கிணறு உவர்த்தால் குடத்தோடு அடுத்த ஊருக்கு நடப்பது யார் என்று எங்கள் பெண்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தலைமன்னாரிலும் மண் இதே மண்தான்.

களப்பில் வலை போடுபவர்களுக்கும் பட்டக்காரருக்கும் இடையில் சில்லறைச் சச்சரவுகள் உண்டு. இறுகி நிற்கும் பட்டக் கயிறு தோலை அறுத்துவிடும். வலைக் கம்புகள் இருக்கும் இடத்தில் பழகுநர் விழுந்தால் வலையும் கிழியும், ஆளும் காயப்படும். காலையில் வலை, காற்று ஏறும் முற்பகலுக்குப் பிறகு பட்டம் என்று ஓரிடத்தில் வாய்ப்பேச்சாக ஒழுங்கு செய்திருக்கின்றார்கள். அதைப் பேசி முடித்தவர்கள் ஆண்கள். வலையிலிருந்து நண்டு கழற்றும் பெண்கள் முற்பகலிலும் அந்தத் தண்ணீருக்குள்தான் நிற்கின்றார்கள் என்பதை எவரும் யோசிக்கவில்லை. இதை ஒரு பெண் எங்களிடம் சொன்னபோது, கூட்டத்துக்கு ஏன் போகவில்லை என்று நான் கேட்டேன். கூட்டம் நடந்தது இரவு எட்டு மணிக்கு என்றார்.

உறுதி யாருடைய பெயரில்?

திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் பேசியதெல்லாம் காணியைப் பற்றித்தான். மன்னாருக்கு வந்த பின் சட்டத்தரணி ஒருவரையும் சந்தித்தோம். அங்கு தெளிவான விடயங்கள் ஏனைய கரையோரச் சகோதரிகளுக்கும் உதவும் என்பதால் இங்கே தருகின்றேன்.

வெளிநாட்டவர் இலங்கையில் காணி வாங்குவதை 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகின்றது. ஆனால் 99 வருடம் வரை குத்தகைக்கு எடுக்கலாம். தரகர்கள் விலைக்குக் கேட்காமல் நீண்ட குத்தகைக்குக் கேட்பதன் காரணம் பல வேளைகளில் இதுதான். முப்பது வருடம் என்பது கேட்கச் சிறிதாக இருக்கும். எங்கள் சகோதரிக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. மூத்த மகளுக்குப் பிறந்த பேத்தி கலியாணம் முடிக்கும் காலத்தில்தான் காணி திரும்பி வரும்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காணிக் குத்தகை எதுவானாலும் நொத்தாரிசின் முன் எழுதப்பட வேண்டும். 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடைக் கட்டளைச் சட்டம் இன்றும் இதைத்தான் சொல்கின்றது. முத்திரை ஒட்டிய வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குபவரை நம்ப வேண்டாம். அரச அனுமதிப்பத்திரக் காணியாயின் அதை நினைத்தபடி குத்தகைக்குக் கொடுக்க முடியாது, முதலில் பிரதேச செயலகத்தில் விசாரிக்க வேண்டும். அந்தக் காணிகளின் வாரிசுரிமையில் ஆண்பிள்ளைக்கு இருந்த முன்னுரிமை 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டுவிட்டது என்பதையும் பலர் அறியவில்லை.

எங்கள் சகோதரிக்குச் சிக்கல் வேறிடத்தில் இருந்தது. தேசவழமை பொருந்தும் குடும்பங்களில், மணமான பெண் தன் சீதனக் காணியைக்கூடக் கணவனின் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. நீண்ட குத்தகையும் அதற்குள் அடங்கக்கூடும். கணவன் எங்கே என்று தெரியாத பெண் யாரிடம் சம்மதம் கேட்பாள்? அவர் இறப்புச் சான்றிதழ் எடுக்கவில்லை. எடுக்க மாட்டேன் என்று பதினெட்டு வருடமாகச் சொல்லி வருகின்றார். அதை எடுக்கும்படி எவரும் அவரை வற்புறுத்த உரிமையில்லை என்பது என் உறுதியான கருத்து. இறந்தவர் என்று எழுதாமல், காணாமற்போனவர் என்று உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றை 2016 முதல் சட்டம் வழங்குகின்றது. கணவன் இருக்கும் இடம் தெரியாதபோது சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் கட்டளையைக் கேட்கவும் வழி உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக இதைச் செய்து தரும்.

தரகர் இதெல்லாம் தேவையில்லை, தமையனின் கையெழுத்துப் போதும் என்று சொல்லியிருந்தார். தமையனும் தயாராகவே இருந்திருக்கின்றார்.

கற்பிட்டிப் பயணத்தின் பின் அச்சகோதரி குழுக் கூட்டத்தில் தன் முடிவைச் சொன்னார். கொடுக்க மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. பிள்ளைகள் இருவர் படிக்கின்றார்கள், பணம் தேவை. ஆனால் 30 வருடம் அல்ல, ஐந்து வருடம். முழுக் காணியும் அல்ல, பனைப் பக்கத்துப் பாதி மட்டும். கிணறு தன்னிடம் இருக்கும். வாடியிலிருந்து கடல் வரை உழவு இயந்திரம் போகக்கூடிய பத்தடிப் பாதை எவராலும் அடைக்கப்படாது என்று உறுதியிலேயே எழுத வேண்டும். குடிலுக்குக் கிடுகும் பனையோலையும் ஊர்ப் பெண்கள் குழுவிடம் வாங்க வேண்டும். பணம் தன் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். கடைசி நிபந்தனையைச் சொல்லும்போது அவர் தமையனைப் பார்க்கவில்லை.

இவற்றை எல்லாம் ஒரு கடிதமாக எழுதித் தரகரிடம் கொடுத்தோம். காணாமற்போனவர் சான்றிதழுக்கான விண்ணப்பத்தையும் நிரப்பிவிட்டார். இரண்டுக்கும் இன்னும் பதில் வரவில்லை. சோளகம் முடிந்து வாடை தொடங்கிவிட்டது. காணியில் பந்தலுக்குப் புதிதாகக் கிடுகு மாற்றிக் கருவாடு போட்டிருக்கின்றார்.